ஸ்பானரின் சனிக்கிழமைகள்

சபையில் அவருக்கு ஸ்பானர் என்று பெயர். உட்கார்ந்த இடத்தில் பத்து நிமிஷம் இருப்புக் கொள்ளாது மனிதருக்கு. போதகர் பிரசங்கத்தில் சூடு பிடிக்கும் நேரம் பார்த்து எழுந்துபோய் ஜன்னல் கொக்கியைத் திருகிக்கொண்டிருப்பார். ஆராதனைப் பாட்டு ஆரம்பித்தால் போதும், பின்பக்கம் மோட்டார் அறைக்குப் போய்விடுவார். மோட்டார் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். இவர் அதன் பக்கத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருப்பார். பாட்டு முடிந்த பிறகுதான் உள்ளே வருவார்.

சும்மா வந்த வியாதி இல்லை அது. நான்கு வருஷத்துக்கு முன்பு அவர் ஒரு ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டினார். ஒரு நாள் காலையில், குறுகிய சந்து ஒன்றில், பின்னால் திரும்பிப் பார்க்காமல் வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். அங்கே குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்த மனிதர் அந்த இடத்திலேயே போய்விட்டார். இறந்தவருடைய மனைவி இதே சபையைச் சேர்ந்த டீச்சர். வழக்கு நடந்தபோது அந்த அம்மாள் எழுந்து நின்று, "நான் இவரை மன்னிச்சுட்டேன்" என்று எல்லோர் முன்பும் சொன்னார். தண்டனை குறைந்தது. ஸ்பானர் சில மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தார். இப்போது அதே கம்பெனியில் ரொட்டிக்கு உறை போடுகிறார். ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை.

கர்த்தருடைய இரக்கத்தைப் பற்றிச் சபையே வாய் நிறையப் பாடும்போது, இரண்டு வரிசை தள்ளி டீச்சரும் பாடுவார். அதைக் கேட்க முடியாமல்தான் இவர் மோட்டார் அறைக்கு ஓடுவார். ஒரே ஒரு தடவையாவது மனசார ஸ்தோத்திரம் சொல்லிவிட வேண்டும் என்று கிடந்து தவித்தார். முதலில் அந்த அம்மாளுக்கு ஏதாவது செய்து முடிப்போம், அப்புறம் சொல்லலாம் என்று அவராக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். அந்தக் கணக்கு எங்கே முடிகிறது என்று மட்டும் அவருக்கே தெரியாது!

அதனால் சனிக்கிழமை விடிந்தால் கையில் பையோடு டீச்சர் வீட்டு வாசலில் நிற்பார். கதவுக் கீல், சுவிட்சு, கொடிக்கயிறு, டீச்சர் மகளின் சைக்கிள் என்று ஒன்று விடவில்லை. உருப்படியாகப் பழுதானதெல்லாம் முதல் வருஷத்திலேயே தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு நன்றாக இருப்பதையே கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். டீச்சர் தேநீர் கொடுத்தால் நின்றபடியே நாக்கைச் சுட்டுக்கொண்டு குடிப்பார்.

அன்றைக்கும் வந்தார். சமையலறைக் குழாய் கண்ணில் பட்டது. லேசாகச் சொட்டுவதுபோல் தோன்றியது. ஒரு முறுக்கு முறுக்கினார். மனசு ஆறவில்லை, இன்னொரு முறுக்கு. குழாய் சுவரோடு ஒட்டிய இடத்தில் பட்டென்று உடைந்து கையோடு வந்துவிட்டது. தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அரிசி டப்பா, அடுப்பு, மேஜையில் திருத்துவதற்கு வைத்திருந்த விடைத்தாள் கட்டு எல்லாம் ஒரே வெள்ளம். டீச்சர் ஓடிவந்து, வெளியே போய் வால்வை மூடிவிட்டுத் தலையெல்லாம் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தார்.

"இதோ டீச்சர், அரை மணி நேரம்! கடைக்குப் போய்ப் புதுசு வாங்கிட்டு வந்து..."

"வேண்டாம். நில்லுங்கண்ணா."

"சொட்டுச்சு டீச்சர், அதான்..."

"சொட்டல. நல்லாத்தான் இருந்துச்சு. இந்த வீட்டுல எல்லாமே நல்லாத்தான் இருக்கு." டீச்சர் ஈர விடைத்தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே பேசினார். "இனிமே சனிக்கிழமை வராதீங்க."

ஸ்பானருக்கு உயிரே போய்விட்டது. "ஏதாவது செய்யணுமே டீச்சர். நான் என்ன செஞ்சா உங்களுக்கு..."

"எதைச் செஞ்சாலும் அவர் வரப்போறதில்ல. அது தெரிஞ்சுதானே மன்னிச்சேன்? சும்மாதான் குடுத்தேன். நீங்கதான் வாராவாரம் வந்து திருப்பிக் குடுக்கப் பார்க்கறீங்க." சட்டென்று அழுகை வந்தது டீச்சருக்கு. துடைத்துக்கொள்ளவில்லை. "சனிக்கிழமை கேட் சத்தம் கேட்டா, அவர் செத்துப்போனதுதான் எனக்கு ஞாபகம் வருது. மத்த நாள்லதான் அவர் உயிரோட இருந்தது ஞாபகம் வருது. அந்த ஒரு நாளையும் எனக்கே விட்டுடுங்கண்ணா."

துடைப்பத்தை எடுக்கப் போன ஸ்பானரின் கை பாதியில் நின்றது. குழாய்க்கு ஆள் சொல்லிக்கொள்கிறேன் என்று டீச்சர் சொன்னார். ஸ்பானர் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

தெருவில் ஒரு கடை வாசலில் நின்றார், மறுபடி நடந்தார், வந்த வழியே கொஞ்ச தூரம் திரும்பினார், அப்புறம் வேண்டாம் என்று வீட்டுப் பக்கம் நடந்தார். இத்தனை நாளாக அந்த அம்மாளுக்குப் பாரம் குறைக்கிறோம் என்று நினைத்து, தன் பாரத்தையே கொண்டுபோய் அங்கே இறக்கிவிட்டு வந்திருக்கிறோம் என்பது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. வெட்கமாக இருந்தது.

வீட்டில் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "என்னங்க, போன உடனே வந்துட்டீங்க?"

"டீச்சர் இனிமே வர வேண்டாம்னுட்டாங்க."

"ஐயோ! கோபமா?"

"இல்ல." கட்டிலில் உட்கார்ந்தார். "என்னை மன்னிச்சுட்டாங்களாம்."

மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. "இதென்னங்க பேச்சு? அவங்கதான் மூணு வருஷத்துக்கு முந்தியே மன்னிச்சுட்டாங்களே!"

"அவங்க அப்பவே குடுத்துட்டாங்க. நான்தான் வாங்கிக்கல."

சொல்லிவிட்டு விசும்பி விசும்பி அழுதார். அழுகைக்கு நடுவிலேயே, "ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம்" என்று வந்தது. அதற்குப் பிறகு ஆண்டவரிடம் என்ன கேட்பது என்று தேடிப் பார்த்தார். கேட்பதற்கு எதுவும் இல்லை. "போதும்ப்பா," என்றார். "சாகிற வரைக்கும் எனக்கு இது போதும்."