தட்டின் ஓரத்தில் ஒரு பிடி

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். பிறந்த வீட்டிலும் அதைச் சொன்னார்கள், புகுந்த வீட்டிலும் சொன்னார்கள். அந்த வாய் கட்டாயம் திறந்திருக்கவேண்டிய ஒரு நாளில் மூடிக்கொண்டது. அந்த நாளை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

அறுபதுகளின் தொடக்கம். கண்டி வீதியில், வன்னிக்குள் ஒரு சந்தி. பெயர் வேண்டாம். எங்களுடைய சாப்பாட்டுக்கடைக்கு நேர் எதிரே பொலிஸ் நிலையம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கடை போட இடம் தேடியபோது என் கணவர் அந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டு நின்றார். பொலிசுக்கு முன்னால் கடை என்றால் கள்ளனும் வரமாட்டான், வெறிகாரனும் வரமாட்டான் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்குப் பிழையாகவும் இல்லை. குடியேற்றத்திட்டத்துச் சனங்கள் வாய்க்கால் தண்ணீர்ச் சண்டை, வேலி பிரித்த மாட்டுச் சண்டை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அங்கே வருவார்கள். சார்ஜன்ட் இரண்டு பகுதியையும் உறுக்கி அனுப்புவார். திரும்பும்போது இரண்டு பகுதியும் எங்கள் கடையில் ஒரே வாங்கில் பலகையில் குந்தித் தேத்தண்ணி குடிக்கும். எனக்குப் பொலிஸ்காரரிடம் பயமே இருந்ததில்லை. மூன்று நேரமும் என் கையால் தின்கிறவர்களுக்கு நான் ஏன் பயப்படவேண்டும்?

நிலையத்துக்குச் சாப்பாடு எங்கள் கடையிலிருந்துதான் போகும். உள்ளே யாரையாவது அடைத்து வைத்திருந்தால் அந்த ஆளுக்கும் சேர்த்துத்தான். அதற்கென்று ஓர் எனாமல் தட்டு தனியாக ஆணியில் தொங்கும். விளிம்பில் நீலம் உதிர்ந்த தட்டு. மறியலில் அடைபட்டவன் சாப்பிட்டது என்று பொலிஸ்காரர் யாரும் அதில் சாப்பிடமாட்டார்கள். ஓர் இளம் கொன்ஸ்டபிள் வந்து எல்லாத் தட்டுகளையும் கூடையில் அடுக்கிக்கொண்டு போவான், பிறகு வெறுந்தட்டுகளைக் கொண்டுவந்து தருவான். நான் தேங்காய்ப்பாலில் வைக்கிற சொதியில் அவனுக்கு ஆசை. "அக்கா, உங்கட சொதிக்காகத்தான் இடமாற்றம் கேக்காமல் கிடக்கிறன்" என்பான். நல்ல பொடியன் என்றுதான் நினைத்திருந்தேன்.

திரும்பி வருகிற தட்டைப் பார்த்தே ஆளைச் சொல்லுவேன் என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது. கறிவேப்பிலையை ஓரத்தில் வரிசையாக அடுக்கினால் அது சார்ஜன்ட். மீன் முள்ளைச் சப்பித் துப்பியிருந்தால் முறைப்பாடு எழுதுகிற ரைட்டர். இதைச் சொல்லிச் சொல்லி என் கணவரைச் சிரிக்கவைப்பேன்.

ஒரு வியாழக்கிழமை காலையில் ஒருவன் வந்தான். முப்பது வயதிருக்கும், தோய்த்த வேட்டி, தோளில் துவாய். நாலு மைல் நடந்து தானாகவே வந்திருந்தான். நீர்ப்பாசன வேலையை மேற்பார்க்கிற ஓவசியருடைய சைக்கிள் களவு போய்விட்டது, அதைப் பற்றி ஒரு சொல் கேட்கவேண்டும் என்று ஆள் அனுப்பியிருந்தார்களாம். கூடவே மனைவியும் வந்திருந்தாள், என் வயதுதான். அவன் உள்ளே போனான். அவளை வெளியே நிற்கச் சொன்னார்கள். வெயிலில் நிற்கிறாளே என்று நான்தான் கூப்பிட்டுக் கடைக்குள் இருத்தினேன். பயப்படுகிறாள் என்று தெரிந்தது. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்றேன். எங்கள் பொலிஸ்காரர் நல்லவர்கள், எனக்குத் தெரியாத ஆட்களா என்றும் சொன்னேன். 'எங்கள்' என்று சொன்னது இன்றைக்கும் என் காதில் கேட்கிறது.

மத்தியானம் அவனுக்கும் ஒரு தட்டு போனது. திரும்பி வந்தபோது ஒரு பிடி சோறு உருட்டி விளிம்போரம் வைத்தபடி இருந்தது. மற்றதெல்லாம் சாப்பிட்டிருந்தான். என் சோற்றில் என்ன குறை கண்டார் உன் புருஷன் என்று அவளைச் சீண்டினேன். அவள் அன்றைக்குச் சிரித்த ஒரே தடவை அதுதான். தாய் செத்த நாளிலிருந்து முதல் பிடியை எடுத்துக் காகத்துக்கு வைக்காமல் அவன் வாயில் சோறு வைப்பதில்லையாம். வயலில் என்றால் வரம்பில் வைப்பானாம். கலியாண வீட்டுப் பந்தியிலும் வாழையிலை ஓரத்தில் வைப்பானாம், சனம் பகிடி பண்ணுமாம்.

அன்று பின்னேரம் அவனை விடவில்லை. நாளைக்கு வா என்றார்கள். அவள் நடந்து போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு விடிய மறுபடி வந்தாள். அவளை உள்ளே விடவில்லை என்பதால் தட்டுத்தான் எங்கள் இருவருக்கும் சேதி சொல்லும் என்றாகிவிட்டது. தட்டு வந்தவுடன் எழும்பி வந்து "சாப்பிட்டவரோ அக்கா?" என்று கேட்பாள். நான் பார்த்துச் சொல்லுவேன்.

வெள்ளி மத்தியானம் பாதிச் சோறு கிடந்தது. பிடி இருந்தது. வெள்ளி இரவுச் சாப்பாட்டுத் தட்டில் பிடி இருந்தது, ஆனால் உருட்டியிருக்கவில்லை. விரல்களை மடக்க முடியாத ஒருவர் அள்ளிப் போட்டதுபோல ஓரத்தில் சோறு சிதறிக் கிடந்தது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை. பிடி வைத்திருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். ஒரு நாளைக்கு மேல் வைத்திருப்பதென்றால் கோட்டில் நீதவானிடம் கொண்டுபோய்க் காட்டவேண்டுமே என்று என் கணவர் மெல்ல முணுமுணுத்தார். அதை அவரும் உரத்துச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

சனி காலை இடியப்பம் கொடுத்தனுப்பினேன். ஓர் இடியப்பத்தைக் கிள்ளி ஓரத்தில் வைத்திருந்தது. மற்றது வைத்தபடி அப்படியே வந்தது. மத்தியானத் தட்டு வரவேயில்லை. கேட்டதற்கு, பிறகு தாறன் என்றான் கொன்ஸ்டபிள். பின்னேரம் விளக்கு வைக்கிற நேரம் அந்தத் தட்டைக் கழுவிக் கொண்டுவந்து, இராச் சாப்பாட்டை இப்போதே தாங்கோ என்று வாங்கிப்போனான். கொஞ்ச நேரத்தில் தட்டு திரும்பி வந்தது. "முழுக்கச் சாப்பிட்டிட்டான் அக்கா" என்றான். சொதியைப் பற்றி ஒரு கதையும் இல்லை, என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

எனக்கோ சந்தோஷம். இரண்டு நாளாக அந்தப் பெண்ணுக்குச் சொல்ல ஒரு நல்ல சேதி கிடைக்காதா என்று அலைந்துகொண்டிருந்தேன். தட்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டே போனேன்.

"பார், ஒரு பருக்கை மிச்சமில்லை. இண்டைக்கு வடிவாச் சாப்பிட்டிருக்கிறார்."

அவள் தட்டை வாங்கிப் பார்த்தாள். விரலால் விளிம்பைச் சுற்றித் தடவினாள்.

"பிடி எங்க அக்கா?"

அவள் தட்டை நிலத்தில் வைத்துவிட்டு வீதியைக் கடந்து போய் நிலைய வாசலில் நின்றாள். படுத்திட்டான், காலமை வா என்றார்கள். அவள் அசையவில்லை. கடைசியில் ஒருவன் பொல்லுத்தடியை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தான். நான் போய் அவளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிறு விடியச் சொன்னார்கள், இராச் சாப்பாட்டை நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, விடியப்புறம் வேட்டியைக் கம்பியில் கட்டித் தூக்குப் போட்டுக்கொண்டானாம். பிறகு உடலைக் குளிப்பாட்டியவர்கள் உள்ளங்கால் கன்றியிருந்ததைப் பற்றிக் கதைத்தார்கள். கதைத்துவிட்டு அக்கம்பக்கம் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை மரண விசாரணை. நிலையத்தில் இருக்கக் கதிரை போதாமல் எங்கள் கடையிலிருந்து இரண்டு தூக்கிக்கொண்டு போனார்கள். சனிக்கிழமை இரவு அவன் உயிரோடு சுகமாக இருந்தான் என்பதற்கு அவர்களிடம் இருந்த ஒரே சாட்சி அந்த வெறுந்தட்டு. தட்டுக்குச் சாட்சி நான். அவன் சாப்பிடவில்லை என்றால், விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்பே அவன் சாப்பிட முடியாதவனாகிவிட்டான் என்று அர்த்தம். என் சோற்றை வாங்கிப் போனது செத்தவனை இன்னொரு இரவு உயிரோடு வைத்திருக்கத்தான் என்று அர்த்தம்.

விசாரணைக்கு முன், காலையில் அவள் நான் சமைக்கிற குசினிக் கதவடிக்கு வந்தாள். அழுது முடித்த முகம்.

"அக்கா, அந்தப் பிடிச் சோத்தை மட்டும் சொல்லுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்."

"சொல்லுறன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவள் போனபிறகு என் கணவர் அடுப்படியில் வந்து குந்தினார். கேட்டதற்கு மட்டும் மறுமொழி சொல் என்றார். தண்ணிக்குள் இருந்துகொண்டு முதலையோடு பகைக்கலாமோ என்றார். அவரில் குறை சொல்லமாட்டேன். நான் நினைத்துப் பயந்துகொண்டிருந்ததைத்தான் அவர் வாய்விட்டுச் சொன்னார்.

விசாரணை அதிகாரி கண்ணாடி போட்ட ஒரு வயதானவர், மரியாதையாகத்தான் கதைத்தார். சனிக்கிழமை பின்னேரம் சாப்பாடு அனுப்பினீர்களா? அனுப்பினேன். தட்டு வெறுமையாக வந்ததா? ஓம். அவர் எழுதினார். சார்ஜன்ட் எனக்குப் பின்னால் நின்றார், அவருடைய பெல்ட்டுத் தோல் வாசம் வந்தது. அதிகாரி தலையை நிமிர்த்தி, "வேற ஏதும் சொல்ல இருக்கோ பிள்ளை?" என்று கேட்டார். அவசரப்படாமல் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். காகத்துக்கு வைக்கிற சோற்றை ஒரு சாட்சியென்று சொன்னால் சிரிப்பார்கள் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். சிரித்திருந்தால்தான் என்ன?

"இல்லை ஐயா" என்றேன்.

தானாகத் தேடிக்கொண்ட சாவு என்று தீர்ப்பு எழுதினார்கள். சைக்கிள் பிறகு குளத்து அலைகரையில், பற்றைக்குள் கிடந்ததாம்.

சனங்கள் சத்தம் போடவில்லை. வராமல் விட்டார்கள். வாய்க்கால் சண்டைகளைத் தங்களுக்குள்ளேயே மண்வெட்டியால் தீர்த்தார்கள். ஒருவருடைய சோடி எருமை களவு போனது, அவர் நிலையத்துப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. சந்திக்கு வந்தவர்கள் எங்கள் கடையைத் தாண்டிப் போய்த் தேத்தண்ணி குடித்தார்கள். அவர்களுக்கு எங்கள் கடையும் நிலையத்தின் குசினிதான். அதில் பிழை சொல்ல எனக்கு வாயில்லை.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த மறுகிழமை அவள் மூட்டை முடிச்சோடு சந்திக்கு வந்தாள். காணியை யாருக்கோ விட்டுவிட்டு யாழ்ப்பாணத்துக்குத் தாய் வீட்டுக்குப் போகிறாளாம். பஸ் எங்கள் வாசலில்தான் நிற்கும். அவள் உள்ளே வரவில்லை, வெயிலில் நின்றாள். கூட ஆறு வயது மகள். பிள்ளைக்குப் பசி, சீலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றது. நான் போய்ப் பிள்ளையின் கையைப் பிடித்தேன். அவள் தடுக்கவில்லை.

வாங்கிலில் இருத்திச் சோறும் பருப்பும் போட்டேன். பிள்ளை சோற்றைக் குழைக்க முன்னம் ஒரு பிடி எடுத்தது. சின்னக் கைக்குள் அடங்கியமட்டும் உருட்டியது. தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடத் தொடங்கியது.

நிமிர்ந்தேன். வாசலில் நின்று அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதைத்தான் அக்கா சொல்லச் சொன்னனான்."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். பஸ் வந்தது, பிள்ளை கைகழுவி ஓடியது, இருவரும் ஏறிப் போனார்கள். நான் அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்று அழுதேன்.

எதிர்ப்பக்கத்திலிருந்து கொன்ஸ்டபிள் கூடையோடு வீதியைக் கடந்து வந்தான். இண்டைக்கு உள்ளே ஓர் ஆள் இருக்குது அக்கா என்றான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆணியில் தொங்கிய நீலம் உதிர்ந்த தட்டை எடுத்துச் சோறு போட்டேன்.