மரியம் பீவியும் மோனிகாவும் ஒருவரே: ராஸ் அல் கைமாவிலிருந்து ஜெர்மன் துணைத் தூதரகத்துக்கு ஒரு நாள்

போன மாதம் 11ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, நானும் வாப்பாவும் ராஸ் அல் கைமாவிலிருந்து துபாயில் உள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்துக்குப் போய் வந்தோம். இந்த வேலையாகப் போகிறவர்கள் நம்மில் அதிகம் இருக்க மாட்டார்கள். நான் தேடியபோது தமிழில் ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வாப்பாவின் உம்மா, அதாவது என் பாட்டி, ஜெர்மன்காரர். பெயர் மோனிகா. கப்பலில் வேலை பார்த்த கீழக்கரைக்காரரை 1969இல் நிக்காஹ் செய்து, மரியம் பீவி ஆகி, ஊரிலேயே வாழ்ந்து, நான் பிறக்கும் முன்பே இறந்துவிட்டார். ஜெர்மன் பாஸ்போர்ட்டை மட்டும் கடைசி வரை விடவில்லை. வாப்பா 1972இல் பிறந்தார். அவருக்கு அந்தக் குடியுரிமை கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை என்பதை நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்ட பிறகு, எங்கள் மளிகைக் கடையின் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து போனில் படித்துத் தெரிந்துகொண்டேன். 1913இல் எழுதிய சட்டத்தில் குடியுரிமை அப்பா வழியாக மட்டும்தான் வரும். வெளிநாட்டுக்காரரைக் கல்யாணம் செய்த பெண் தன் குடியுரிமையையே இழந்துவிடுவாள். பிறகு அதை மாற்றினார்கள், ஆனால் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது என்பது 1974 முடியும் வரை இருந்தது. கல்யாணம் ஆகாத ஜெர்மன் பெண்ணின் பிள்ளைக்கு மட்டும் கிடைக்கும். முறைப்படி கல்யாணம் செய்தவளின் பிள்ளைக்குக் கிடையாது. இதை முதலில் படித்தபோது தவறாகப் புரிந்துகொண்டேனோ என்று மூன்று முறை படித்தேன்.

விலக்கப்பட்டவர்கள் இவர்கள் மட்டும் அல்ல. ஆப்பிரிக்காவில் ஜெர்மனி ஆண்ட இடங்களில் ஜெர்மன் அப்பாவுக்கும் அங்குள்ள அம்மாவுக்கும் பிறந்த பிள்ளைகளை ஏற்காமல் விட்டார்கள். நாஜிகள் யூதர்களின் குடியுரிமையைப் பறித்தார்கள். வேலைக்கு வந்த துருக்கியரின் பிள்ளைகள் அங்கேயே பிறந்தும் பல காலம் வெளிநாட்டுக்காரர்களாகவே இருந்தார்கள். நான் ராஸ் அல் கைமா அரசு மருத்துவமனையில் பிறந்தவள், ஆனாலும் விசாவில்தான் இருந்தேன். அந்தப் பிள்ளைகளின் நிலை எனக்குப் புரிந்தது.

2021இல் சட்டத்தைத் திருத்தி, அம்மா வழியாக வந்ததால் விடுபட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பத்து ஆண்டுக்குள் அறிவிப்புக் கொடுத்துக் குடியுரிமை பெறலாம் என்றார்கள். நாங்கள் போனது அதற்காகத்தான்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. எங்களுக்குப் பொறுப்பேற்றிருந்த அரபி முதலாளி, கஃபீல், கடை லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை. விசா கேன்சல் ஆகிவிட்டது. உம்மாவும் தம்பியும் முன்பே ஊருக்குப் போய்விட்டார்கள். 26ஆம் தேதிக்குள் நாங்களும் வெளியேற வேண்டும். இங்கே வசிப்பவர்களிடம் மட்டும்தான் இந்த அலுவலகத்தில் அறிவிப்பை வாங்குவார்கள். நான்கு மாதம் காத்திருந்து கிடைத்த அப்பாயிண்ட்மெண்ட் இது. தவறினால் ஊரில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு வாப்பாவிடம் மனசு மிச்சம் இருக்காது என்று எனக்குத் தெரியும். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: யாரும் தேதி போட்டு வெளியே போகச் சொல்லாத ஒரு இடம்.

காலை 5.40க்கு ரூமைப் பூட்டினோம். துபாய் பஸ் 6.30க்கு. டிக்கெட் ஆளுக்கு 27 திர்ஹம். தூரம் சுமார் 110 கிலோமீட்டர். பைலை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். இரண்டு பயங்கள் இருந்தன. முதல் பயம், நான் பேச வேண்டும் என்பது. வாப்பாவுக்கு மலையாளம், ஹிந்தி, அரபி எல்லாம் வரும், ஆங்கிலம் வராது. எனக்கு ஆங்கிலம் வரும், ஆனால் தெரியாதவர்கள் முன்னால் பேச்சே வராது. இரண்டாவது பயம் பைலுக்கு அடியில், ஒரு கவருக்குள் இருந்தது.

அது ஒரு பழுப்பு நிறப் புத்தகம். வெளிநாட்டுக்காரர்கள் இந்தியாவில் தங்க ஆண்டுதோறும் போலீஸ் அலுவலகத்தில் பதிய வேண்டும். வாப்பாவின் உம்மா கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம் போய்ப் போய்ப் பதிந்த புத்தகம். முன்தின மாலை பைல் அடுக்கும்போது வாப்பா அதை எடுத்து அலமாரிக்குள் தள்ளினார்.

"போலீஸ் காகிதம் எதுக்கு? பாத்தா தப்பா நெனப்பாங்க."

"இருந்துட்டுப் போகட்டுமே வாப்பா."

"உனக்குத் தெரியாது மவளே. இத வச்சு ஸ்கூல்ல என்ன என்ன சொல்லுவானுங்க தெரியுமா? போலீஸ் கேஸ்காரி மவன்னு. உள்ள செவப்பு மையில வேற என்னமோ எழுதிருக்கு. வேணாம்."

அவர் குளிக்கப் போனதும் அதை எடுத்து ஒளித்து வைத்தேன். முதல் பக்கத்தை மட்டும் பார்த்தேன். உள்ளே புரட்ட தைரியம் வரவில்லை.

யூனியன் பஸ் நிலையத்தில் இறங்கியபோது 8.35. அங்கிருந்து ஜுமைராவுக்கு டாக்சி, 26 திர்ஹம். டிரைவர் பெஷாவர்காரர். ஜெர்மன் விசாவா என்று ஹிந்தியில் கேட்டார். விசா இல்லை, என் அம்மா ஜெர்மன் என்றார் வாப்பா. டிரைவர் கண்ணாடியில் வாப்பாவின் கறுத்த முகத்தையும் நரைத்த தாடியையும் நிதானமாகப் பார்த்தார்.

"அச்சா பாயி. அப்போ என் அம்மா லண்டன் ராணி."

வாப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளேயும் இப்படித்தான் பார்ப்பார்கள் என்று தோன்றியது.

10.15க்குத்தான் எங்கள் நேரம். வாசலில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கவுண்டரில் கண்ணாடிக்குப் பின்னால் ஐம்பது வயதிருக்கும் ஒரு ஜெர்மன் அம்மா. கடுமையாக எல்லாம் இல்லை. ஒவ்வொரு காகிதமாகப் பார்த்தார். பாஸ்போர்ட்டில் மோனிகா. வாப்பாவின் பிறப்புச் சான்றிதழில் தாய் பெயர் மரியம் பீவி. ஊர்ப் பள்ளிவாசல் ஜமாஅத்தின் நிக்காஹ் புத்தக நகலில் மணப்பெண் மரியம் பீவி, அவருடைய வாப்பா பெயர் அப்துல்லா. இஸ்லாத்துக்கு வந்தவர்களின் தகப்பன் பெயரை நம் பக்கத்தில் அப்படித்தான் எழுதுவார்கள். மோனிகாவின் தகப்பனுடைய உண்மையான பெயர் ஹெல்முட்.

கவுண்டர் அம்மா ஆங்கிலத்தில் கேட்டார்: இந்த மரியம் யார்? இந்த மோனிகாதான் அவர் என்று இரண்டு பெயரும் சேர்ந்து எழுதிய அரசுக் காகிதம் ஏதாவது இருக்கிறதா? இந்தக் கல்யாணம் அரசாங்கத்தில் பதிவானதா?

வாப்பா என் முகத்தைப் பார்த்தார். "என்ன கேக்குறாங்க?"

"நிக்காஹ் சர்க்கார்ல பதிஞ்சிச்சான்னு கேக்குறாங்க."

"ஜமாஅத் புத்தகத்துல இருக்கே. அதுக்கு மேல என்ன? என் உம்மா கல்யாணம் பண்ணாம இருந்தாவளாமா?" எழுந்தேவிட்டார். "வா போவலாம். இதக் கேக்கவா இவ்ளோ தூரம் வந்தோம்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். கல்யாணம் செல்லாது என்றால்கூட, கல்யாணம் ஆகாதவளின் பிள்ளையாக வாப்பாவுக்கு வழி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை அவரிடம் தமிழில் சொல்ல என்னால் முடியாது. கவரைப் பிரித்து, புத்தகத்தைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினேன். வாப்பா அதைப் பார்த்துவிட்டார்.

முதல் பக்கத்திலேயே இருந்தது. மோனிகா, அடுத்து "என்கிற மரியம் பீவி", கணவர் பெயர், படம், முத்திரை. அந்த அம்மா தலையாட்டிவிட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். சிவப்பு மைப் பக்கத்தில் நின்றார். பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

பிறகு அந்த வரியை எனக்கு மெதுவாகப் படித்துக் காட்டினார். பதினொரு நாள் தாமதம். அபராதம் தள்ளுபடி. காரணம், ஆண் குழந்தை பிறந்தது.

"என்னம்மா?" என்றார் வாப்பா. நின்றுகொண்டே இருந்தார்.

"நீங்க பொறந்ததால அவங்க லேட்டா போயிருக்காங்க வாப்பா. அதத்தான் செவப்புல எழுதிருக்கு. கேஸ் இல்ல."

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "பச்சப் புள்ளயத் தூக்கிட்டா போனாவ" என்றார். யாரிடமும் கேட்கவில்லை.

இரண்டு அறிவிப்புகளையும், அவருடையது, என்னுடையது, வாங்கிக்கொண்டார்கள். நகல்களில் முத்திரை போட்டு, ஒரிஜினல்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். முடிவு ஜெர்மனியில் எடுப்பார்களாம், இரண்டு ஆண்டுக்கு மேலும் ஆகலாமாம். 12.05க்கு வெளியே வந்தோம். மாலை 4.30க்கு ராஸ் அல் கைமா. வரும் வழி முழுக்க பைல் என்னிடம், அந்தப் புத்தகம் மட்டும் வாப்பாவின் சட்டைப் பையில்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். அப்பாயிண்ட்மெண்ட்டை விசா நன்றாக இருக்கும்போதே போடுங்கள். நேரத்துக்கு ஒரு மணி முன்னதாக அங்கே இருங்கள், ஆனால் வாசலில் நிழல் இல்லை, தண்ணீர் கொண்டுபோங்கள். தமிழ்க் காகிதங்களுக்கு மொழிபெயர்ப்பும் அதற்குரிய முத்திரைகளும் வேண்டும், ஊரிலிருந்து வந்து சேர எங்களுக்கு ஏழு வாரம் ஆயிற்று. நம் பெயர் முறை அவர்களுக்குத் தெரியாது. தகப்பன் பெயர், இனிஷியல், மதம் மாறியபோது வைத்த பெயர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பேச வராதவர்கள் அந்தத் தாளையே நீட்டிவிடலாம். வீட்டில் யாரும் பார்க்கக் கூடாது என்று அலமாரிக்குள் தள்ளிய காகிதம் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.

இதை எழுதும்போது கீழக்கரையில் இருக்கிறேன். பதில் எந்த முகவரிக்கு என்ற கட்டத்தில் இந்த வீட்டைத்தான் எழுதிக் கொடுத்தோம். இல்லை என்று வருமோ என்ற பயம் போகவில்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் இப்போதும் வாசலுக்கு ஓடுகிறேன். வாப்பா மட்டும் அந்தப் புத்தகத்தை இன்னும் சட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை. நேற்று டீக்கடையில் யாருக்கோ அந்தச் சிவப்புப் பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.