படத்தில் திறந்திருந்த யன்னல்

வீட்டுக்குள் காற்று எப்படி வர வேண்டும் என்று நாற்பது வயது தாண்டிய பிறகு படிக்கப் போன நான், அதற்குச் சில வருடங்களுக்கு முன்புதான் எங்கள் வீட்டுக் காற்றுத்துளைகளை என் கையாலேயே சீமெந்து பூசி அடைத்திருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் மானம் இன்னும் கொஞ்சம் போகும். கையிருப்பில் அவ்வளவு இல்லை.

நுளம்புக்குப் பயந்து செய்த வேலை அது. கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் காய்ச்சல் பரவிய வருடம். முன்னறைச் சுவரில், கூரைக்குச் சற்றுக் கீழே, பூப்போல வெட்டிய துளைகள் வரிசையாக இருந்தன. ஏணி வைத்து ஏறி எல்லாவற்றையும் மூடினேன். இறங்கி வந்து கையைக் கழுவிக்கொண்டிருந்தபோதே நுளம்புகள் வாசல் வழியாக மரியாதையாக உள்ளே வந்தன.

எனக்கு இரத்மலானையில் ஒரு கட்டட ஒப்பந்தகாரரிடம் படவரைஞர் வேலை. சக்தி சேமிப்பு விதிகளைப் பார்க்காமல் வரைந்த படங்கள் திரும்பி வரத் தொடங்கியதும், அலுவலகத்தில் யாராவது ஒருவர் அந்த விதிகளைப் படித்துவர வேண்டும் என்று கூட்டம் போட்டுத் தீர்மானித்தார்கள். அன்று நான் லீவு. ஆகவே ஏகமனதாகத் தெரிவானேன்.

சனிக்கிழமைகளில் வகுப்பு. மேற்குச் சுவரில் எவ்வளவு கண்ணாடி வைக்கலாம், கூரை எவ்வளவு வெயிலை உள்ளே விடலாம், தரையின் பரப்புக்கு எவ்வளவு திறப்பு வேண்டும், மின்சாரத்தை நம்பாமல் ஒரு அறை எப்படித் தன்னைத் தானே குளிர வைத்துக்கொள்ளும் என்றெல்லாம் பாடம். முதல் வாரம் ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாம் வாரம், எது விளங்கவில்லை என்பது விளங்கியது. அதை நான் முன்னேற்றம் என்றே எடுத்துக்கொண்டேன்.

உண்மையில் எனக்கு அந்தப் படிப்பில் அக்கறை வந்தது அக்காவால்தான். அத்தான் இறந்த பிறகு அந்த வீட்டில் அக்காவும் நானும் மட்டுமே. அவவுக்கு இழுப்பு வருத்தம். அந்த வருடம் மாசியிலேயே வெக்கை தொடங்க, முன்னறைக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, மூச்சை யாரோ பிடித்து வைத்திருப்பதுபோல இழுத்து இழுத்து எடுப்பா. படுக்கிற அறைக்குக் காற்று வேண்டும், இல்லாவிட்டால் வீட்டை மாற்றுங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஏசி போட்டுப் பார்க்கலாமா என்றால், குளிர் பட்டாலே அக்காவின் நெஞ்சு அடைத்துவிடும்.

அக்காவின் மகள் வெள்ளவத்தையில், ஆறாம் மாடியில் இருக்கிறாள்.

"மாமா, அம்மாவை இங்க கொண்டு வாங்கோ. கடல் காத்து சும்மா வருகுது" என்றாள்.

அக்கா மாட்டேன் என்றுவிட்டா. "லிஃப்ட் நிண்டா நான் ஆகாயத்தில தொங்கிறதோ? என்ர கோயில் இங்க. என்ர சனம் இங்க. நான் இந்த வீட்டில இருந்துதான் போவன்."

"சித்திரை முடியுமட்டும் பாப்பன்" என்றாள் மகள். "அதுக்குள்ள சுகம் வராட்டி, தூக்கிக்கொண்டு போவன்."

நான் இடையில் புகுந்து, விதிப்படி அந்த அறையை நானே சரிசெய்வேன் என்று வாக்குக் கொடுத்தேன். அப்போது வகுப்பின் மூன்றாம் வாரம்.

நல்ல காலமாக, சொந்த வீட்டை அளந்து விதிகளோடு ஒப்பிடும்படி ஒரு ஒப்படை தந்தார்கள். அளந்தேன், வரைந்தேன், கணக்குப் பார்த்தேன். முன்னால் ஒழுங்கைப் பக்கம் ஒரு பெரிய யன்னல், பின்னால் முற்றத்துக் கதவு. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறக் காற்றுக்கு வேறென்ன வேண்டும்? என் தாளில் அந்த அறை விதிகளை நன்றாகவே நிறைவேற்றியது. அறைக்குள் இருந்த அக்காவுக்கு மட்டும் மூச்சு முட்டியது.

விரிவுரையாளர் கொம்பனித்தெரு முஸ்லிம் பிள்ளை, என்னைவிட வயதில் இளையவ. படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தா. பிறகு பென்சிலை அந்த யன்னலில் வைத்தா.

"அண்ணன், இந்த ஜன்னல் படத்துல ஈக்குது. சரி. வீட்டுல தொறந்து ஈக்குதா?"

"திறக்கலாம் மிஸ்."

"கடைசியா எப்ப தொறந்தது?"

நான் பெரியவனான நாளிலிருந்து அந்த யன்னல் திறந்து பார்த்ததில்லை. ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கும்போது, அதன் இரண்டு பலகைகளுக்கும் நடுவிலிருந்த கோட்டுக்கு மேலாலும் சேர்த்து அடித்தவன் நானேதான். கண் அதைச் சுவராகவே பழகிவிட்டது. கைதான் படத்தில் யன்னலாக வரைந்திருக்கிறது.

அன்று பின்னேரமே சுத்தியலும் உளியுமாக யன்னலுக்கு முன்னால் நின்றேன். பெயின்றைச் சுரண்டும் சத்தம் கேட்டதும் அக்கா கட்டிலை விட்டு எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தா. மூச்சு எடுக்கவே பலமில்லாத கைக்கு அந்தப் பிடி எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.

"விடு."

"அக்கா, காத்து வர வேணுமெண்டுதானே..."

"விடு எண்டுறன்."

உளியைக் கீழே வைத்தேன். அவ கட்டிலுக்குத் திரும்பிப் போய் இருந்தா. மூச்சு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நீ அப்ப யாழ்ப்பாணத்தில போர்டிங்கில" என்று தொடங்கினா.

எந்த 'அப்ப' என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு, தமிழர் வீடுகளைத் தேடி எரித்த அந்த எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆடி மாதத்தை யாரும் பெயர் சொல்லிக் காட்டத் தேவையில்லை.

"அத்தான் வேலைக்குப் போன இடத்தில, ஹாபரில மாட்டுப்பட்டுப் போனார். நானும் பிள்ளையும்தான். இந்த யன்னலுக்குக் கீழதான் நிலத்தில இருந்தனான். வெளியில ஆக்கள் வந்து நிக்கிறாங்கள். எது தமிழ் வீடு எண்டு கேக்கிறாங்கள். முன்வீட்டுச் சிங்கள நோனா றோட்டில இறங்கி நிண்டு, 'கவுருவத் நே, கிஹில்லா' எண்டு சொல்லுறா. ஒருத்தரும் இல்லை, போட்டினம் எண்டு. அவங்கள் நம்பேல்ல. பிறகு அவ சொன்னா, யன்னலைப் பாருங்கோ, இந்த வெக்கையில ஆக்கள் இருக்கிற வீட்டில யன்னலைப் பூட்டி வைப்பினமோ எண்டு. நான் பிள்ளையின்ர வாயைப் பொத்திக்கொண்டிருந்தன். அவங்கள் யன்னலைப் பாக்கிறாங்கள் எண்டு எனக்குத் தெரியுது. பாத்திட்டுப் போட்டாங்கள்."

நான் எந்த விசயத்துக்கும் சிரிக்க ஒரு பகிடி வைத்திருப்பவன். சவவீட்டிலும் மெதுவாக ஒன்று சொல்லிவிட்டு வருவேன். அன்று தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. வெக்கையான நாட்டில் மனிதர் இருக்கும் வீடு திறந்திருக்கும். நான் சனிக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய்ப் படித்த பாடத்தின் சாரமே அதுதான். முன்வீட்டு நோனாவுக்கு அது தெரிந்திருந்தது. தெருவில் நின்றவர்களுக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் என் அக்காவும் மருமகளும் இருக்கிறார்கள்.

"அந்த நோனாவும் இப்ப இல்லை" என்றேன் கடைசியில்.

"ஓம். யன்னல் இருக்குது. அது பூட்டிக் கிடந்தால்தான் எனக்கு நித்திரை வரும்."

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் படத்தைத் திருத்தினேன். யன்னலைச் சுவராக வரைந்து மறுபடி கணக்குப் பார்த்தபோது அறை விதிகளில் தோற்றது. மிஸ் காரணம் கேட்டா. வீட்டு ஆட்களுக்கு அது திறக்க முடியாத யன்னல் என்று மட்டும் சொன்னேன். அவ படத்தை என் பக்கம் திருப்பி வைத்தா.

"அப்ப வேற எங்கால சரி காத்துக்கு வழி பாருங்க அண்ணன்" என்றா.

வழி என் தலைக்கு மேலே இருந்தது, சீமெந்துக்குப் பின்னால். ஒழுங்கையில் நிற்கிறவனின் பார்வை எட்டாத உயரம். அங்கே கை போகாது, தலை போகாது, சூடு மட்டும் ஏறி வெளியே போகும். எங்களுக்கு முந்தி அந்த வீட்டைக் கட்டியவர்கள் வைத்த துளைகள். அடைத்தவர் இன்னார் என்று சொல்லத் தேவையில்லை.

தூசி ஆகாது என்று அக்காவை வெள்ளவத்தைக்கு அனுப்பினேன். ஓட்டோவில் ஏறும்போது, "இது என்னை அங்கயே விட்டிட்டு வாற பிளான் இல்லையே?" என்று கேட்டா. அவ பகிடி விடவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் ஏணி வைத்தேன். அடைக்கும்போது சுலபமாக இருந்த வேலை, உடைக்கும்போது என் பெருவிரலில் பாதியைக் கேட்டது. சீமெந்து கட்டி கட்டியாக விழ, பூ வடிவங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இந்த முறை உட்பக்கமாக நுளம்பு வலை அடித்தேன். எவ்வளவு சின்ன விசயம். அப்போதே செய்திருக்கலாம்.

அக்கா திரும்பி வந்த பின்னேரம் துறைமுகப் பக்கமிருந்து காற்று எழுந்தது. முற்றத்துக் கதவால் நுழைந்து, சுவரில் மாதாவின் கலண்டர் தாளை மெல்லத் தூக்கிவிட்டு மேலே போனது. மருமகள் தாயின் முதுகில் கை வைத்து மூச்சைக் கவனித்தாள். நெடுநேரம் கழித்து, "சரி மாமா, இப்போதைக்கு இங்கயே இருக்கட்டும்" என்றாள். அக்கா அவளைப் பார்க்கவில்லை. மேலே துளைகள் வழியாகச் சுவரில் விழுந்திருந்த வெளிச்சப் பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தா.

எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. பரீட்சையே பாஸ் பண்ணிவிட்டவன்போல நின்று, "எப்பிடி அக்கா, காத்து வருகுதோ? இனி ஒருநாளைக்கு, நீங்கள் நல்ல சுகமா இருக்கேக்க, அந்த யன்னலையும் கொஞ்சமா..." என்று இழுத்தேன்.

"வருகுது. யன்னலைத் தொடாத."