போர்வெல் அசைந்த செய்தி

காப்பித் தம்ளரைப் போர்வெல்லின் இரும்பு மூடிமேல் வைத்துவிட்டுத்தான் சிலாஸ் கண்ணாடியைத் தேடுவார். கண்ணாடி நெற்றியில் இருக்கும். அதை இறக்கிவிட்டு, லேப்டாப்பைத் திறந்து, பூமிக்கடியில் தண்ணீர் நேற்றிலிருந்து என்ன செய்தது என்று பார்ப்பார். பேப்பரெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தெலங்கானாவின் உப்பலில் அவர் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தப் போர்வெல்லில் மோட்டார் கிடையாது. வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர். நிலநடுக்கம் பதிவு செய்யும் அலுவலகத்தில் கருவிகளைப் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவர், கை சும்மா இராமல், நீர்மட்டம் அளக்கும் கருவி ஒன்றை அதற்குள் இறக்கிவிட்டார். கீழே முழுக்கக் கருங்கல். தண்ணீர் இருப்பது கல்லின் விரிசல்களில். எங்கோ கடல் தாண்டிப் பெரிய நிலநடுக்கம் வந்தால், அதன் அலை இந்தக் கல்லையும் பிழிந்துவிட்டுப் போகும். மேலே நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. போர்வெல் தண்ணீர் மட்டும் ஏறி இறங்கும். திரையில் நேர்கோடு நடுங்கும்.

ஒரு குளிர்காலத்தில் தெலங்கானாவிலேயே நிலம் ஆடியபோது தெரு முழுக்க இவர் வாசலுக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்ஷதா கலங்கல் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“அங்கிள், போர்ல சேறா வருது. வத்திடுமா?”

“பயப்படறது நக்கோம்மா, வேணாம். கல்லு அசைஞ்சா விரிசல்ல ஒட்டின மண்ணு தண்ணில கலக்கும். ஓட விடுங்க, தெளியும். அதுவரைக்கும் குடிக்காதீங்க.”

அன்று அவருக்கு மாப்பிள்ளை உபசாரம். வீட்டுக்கு வீடு டீயும் பலகாரமும் வந்தன. தண்ணீர் தெளிந்தது, அப்புறம் யாரும் வரவில்லை. மனிதர் இன்றும் வாசல் கேட்டைத் தாழ்ப்பாள் போடாமல் வைத்திருக்கிறார்.

ஒரே மகன் ரயான் ஜப்பானில். தாய் மெட்டில்டா இறந்தபோது அவனால் அடக்கத்துக்கு வந்து சேர முடியவில்லை. “இனிமே யாரைப் பார்க்க வர்றே? நக்கோ, வராதே” என்று போனில் கத்திவிட்டார் சிலாஸ். அவன் வரவேயில்லை. போனும் நின்றது. இரண்டுமே அழுத்தக்கார ஜென்மங்கள்.

பிறகு ஒருநாள் கோடு நடுங்கியது. ஜப்பான் பக்கம் பெரிய ஆட்டம். கோபமெல்லாம் எங்கே போயிற்றோ, விரல் தானாக எழுதியது: “போர் தண்ணி ஆடுச்சு. நல்லாருக்கியா?” பதில் வந்தது: “சேஃப், டாடி.” அன்றிலிருந்து இதுவே வழக்கம். தண்ணீர் அசைந்தால் ஒரு கேள்வி, ஒரு பதில். கிறிஸ்துமஸுக்குக்கூட வாழ்த்து கிடையாது.

பூமி சும்மா கிடந்தால் ஊருக்கு நிம்மதி. இவருக்கு மட்டும் முகம் தொங்கிவிடும். அப்படித் தொங்கியதற்காக ஆலயத்தில் முழங்கால் போட்டு மன்னிப்பும் கேட்பார். அடுத்த காலை மறுபடி லேப்டாப்.

வேலையில் இருந்த காலத்தில் அவரிடம் ஒரு பதிவைக் கொஞ்சம் திருத்தச் சொல்லிவிட முடியாது. “மெஷின் சொல்றதை எழுதுங்க. உங்க ஆசையை எழுதாதீங்க” என்று மேலதிகாரி முகத்துக்கு நேராகவே சொன்னவர்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தார். அங்கியைக்கூட மாற்றாத பாடகர் குழுப் பிள்ளைகள் அப்பா அம்மாவோடு ஸ்கூட்டரில் ஏறிப் போனதைப் பார்த்துவிட்டு வந்தவர். லேப்டாப்பைத் திறந்தார். பல வாரங்களாகப் பார்க்கும் அதே நேர்கோடு. டிவியிலும் உலகம் முழுக்க அமைதி. அவர் போனை எடுத்து எழுதினார்: “போர் தண்ணி ஆடுச்சு. நல்லாருக்கியா?”

அனுப்பியதும் உடம்பெல்லாம் கூசியது. நிலநடுக்கம் வந்தால் போனே அலறும் நாட்டில் இருப்பவனிடமா இந்தப் பொய்? காப்பியில் ஆடை படிந்தது.

பதில் வந்தது.

“ஹவ் டாடி, ஆமா. இங்கே பெரிசா ஆடுச்சு. நான் ஓகே. நீங்க சாப்பிட்டீங்களா?”

சிலாஸ் திரையை மறுபடி பார்த்தார். கோடு அசையவே இல்லை. லேப்டாப்பை மூடினார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். பிறகு மகனின் பெயரை அழுத்தி, போனைக் காதில் வைத்துக்கொண்டார்.