மறியல் வாரத்தில் ஐந்து சளி டப்பாக்கள்

"1987 செப்டம்பர் 16, புதன். வெள்ளிமலையிலிருந்து நடை, ஒன்றரை மணி. இருமல்காரர்கள் ஐவர். டப்பா கொடுத்தாயிற்று. காலையில் வாங்க வேண்டும். படுக்கை பள்ளிக்கூடத்தில்."

இது என் நாட்குறிப்பு. அந்த ஐவரின் பெயர்களுக்கும் நேரே, அடுத்த மாதத் தொடக்கத்தில், எங்கள் சுகாதார நிலையப் பதிவேட்டில் "கிருமி இல்லை" என்று எழுதப்பட்டது. எழுதியது நான். நாட்குறிப்பில் இருப்பது உண்மை, பதிவேட்டில் இருப்பது பொய். பேருந்து எத்தனை நிமிடம் தாமதம் என்பதுவரை குறித்து வைக்கிறவன் நான். இடைப்பட்ட அந்த நாட்களுக்கு மட்டும் ஒரு வரியும் எழுதவில்லை. ஆகவே இனி வருவது நினைவிலிருந்து.

கள்ளக்குறிச்சி அப்போது தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. நான் காசநோய்க் கள ஊழியன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர்களை வீடு வீடாகப் போய்க் கேட்டறிந்து, மூடி போட்ட சிறு டப்பாவை முதல் நாள் மாலை கொடுத்து, விடிந்ததும் இருமித் துப்பிய சளியை வாங்கிக்கொண்டு, மலையடிவாரத்து நிலையத்தில் இருந்த மைக்ராஸ்கோப்புக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் கொண்டுசேர்த்தபின் பதில் மலைக்குத் திரும்பிப் போவது அரிது.

அந்தப் புதன்கிழமை மலையூரில் டப்பாவை நீட்டியபோது ஒரு மாமியார் கேட்டார்: "போன தடவ வந்தவங்களும் துப்பச் சொன்னாங்க. எங்க சளிய எடுத்துக்கினு போயி கீழ இன்னா பண்றீங்க? வெல்லம் காச்சறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவருடைய மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. முப்பது வயது இருக்கலாம். சாமை விதைத்த நாளிலிருந்து இருமல். அவளுடைய இரண்டு வயது மகளை மாமியார், அவள் கொழுந்தனின் வீட்டில் விட்டிருந்தார். நோய் இல்லை என்று தெரியும்வரை பிள்ளை தாயிடம் போகக் கூடாது என்பது அவர் கட்டளை. அதில் தவறில்லை; நானே அப்படித்தான் சொல்லியிருப்பேன். மறுநாள் காலை டப்பாவைக் கொடுக்கும்போது அந்தப் பெண் கேட்டாள்: "எப்ப சார் சொல்லுவீங்க? அந்த வூட்டுல ராத்திரி எல்லாம் அழுவுது, இங்க கேக்குது."

"அடுத்த புதன் நானே வந்து சொல்றேம்மா" என்றேன்.

17ஆம் தேதி வியாழன். எங்கள் சாதிக்கு இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் அன்றுதான் தொடங்கியது. மலையை விட்டு இறங்கியதும் ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம் வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். பங்காளி முறையில் எனக்கு அண்ணன் ஒருவர் கையில் கோடாலியோடு வந்தார்.

"இன்னாடா அது பெட்டி?"

"சளிண்ணே. டெஸ்ட்டுக்கு."

"அய்ய! தள்ளிப் புடிடா." கூட்டம் சிரித்தது. பிறகு அவரே சொன்னார்: "ஆஸ்பத்திரி சமாச்சாரம்னா யாரும் தடுக்கல. மரத்த தாண்டி அப்பிடியே நடந்து போ. சைக்கிள் வேணுமா?"

இதை நான் அழுத்தி எழுத வேண்டும். வழி விட்டார்கள். சைக்கிளும் தருவதாகச் சொன்னார்கள். நிலையம் அங்கிருந்து நான்கு மைல்கூட இல்லை.

கூட்டத்திலிருந்து ஒருவன், "போவட்டும் வுடுண்ணே, அவரு கவர்மென்ட் ஆளு. நாம வாங்கிக் குடுத்தா அவரு புள்ளைங்க படிக்கும்" என்றான். எனக்குச் சுருக்கென்றது. பெட்டியை ஓரத்தில் ஒரு வேப்பங்கன்றின் நிழலில் வைத்துவிட்டு, மரத்தின்மேல் போய் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்தேன். புளிச்சோறு வந்தது. வேலைக்குப் போனபின் ஊரில் யாரும் என்னை அப்படித் தோளில் தட்டிப் பேசியதில்லை. நிழல் பெட்டியை விட்டு நகர்ந்துபோனதைப் பார்த்தேன். பார்த்தும் எழவில்லை. பொழுது சாய்ந்ததும் பெட்டியை வீட்டுக்கு எடுத்துப்போய் மாட்டுக்கொட்டகையில் வைத்தேன். வாரம் முழுக்க அது அங்கேயே இருந்தது.

மறியல் முடிந்து கொண்டுபோனபோது லேப்காரர் ஒரு மூடியைத் திறந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இதுல இன்னாத்தப் பாக்கறது? கொட்டிட்டு வேற எடுத்துக்கினு வா."

வேறு எடுக்கப் போனால், முதலில் எடுத்தது என்னாயிற்று என்று சொல்ல வேண்டும். நாளை, நாளை என்று தள்ளினேன். மாத அறிக்கை வந்தது. ஐந்து கட்டங்கள் காலியாக இருந்தன, நிரப்பினேன். "சாலை மறியலால் தாமதம்" என்று ஓரக் குறிப்பும் எழுதினேன்.

சொன்ன புதன் தவறி, அக்டோபரில்தான் மலைக்குப் போனேன். என்னைக் கண்டதும் அந்தப் பெண் ஓடி வந்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது, "ஒண்ணுமில்லம்மா, சாதா இருமல்தான்" என்பது.

"நான் அப்பவே சொன்னேன்ல" என்றார் மாமியார். "களை எடுக்கச் சொன்னா இருமும், சோறு போட்டா நின்னுடும்."

அவள் கொழுந்தன் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளையின் கன்னத்தோடு கன்னம் வைத்துச் சிரித்தாள், சிரிப்பிலேயே இருமினாள். நான் இருமல் மருந்து ஒரு பாட்டில் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

மறு ஆண்டு நடந்த ஆய்வுக் கூட்டத்தில், மலையிலிருந்து மாதிரிகள் கெட்டுப்போய் வருவதைப் பற்றிப் பேச்சு வந்தது. ஊரிலேயே சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, ஸ்பிரிட் விளக்கில் காட்டி உலர்த்திவிட்டால் நாட்கணக்கில் கெடாது, ரோடு மறித்தாலும் கவலையில்லை என்றேன். மேலதிகாரி எல்லோர் முன்னும் என்னைப் பாராட்டினார். கை தட்டினார்கள். எப்படித் தோன்றியது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த முறையில் முதலில் போன ஊர்களில் அந்த மலையூரும் ஒன்று. நான் "இல்லை" என்று எழுதிய ஐவரில் ஒரு கிழவருக்குக் கிருமி இருந்தது. மாத்திரை கொடுக்கப் போனபோது அவர் கேட்டார்: "இன்னா சார், போன வருசம் இல்லாத பூச்சி இப்ப எங்கேர்ந்து வந்துச்சி?"

"புதுசா வந்திருக்கும் பெரியவரே" என்றேன்.

அடுத்த வீடு, அந்தப் பெண்ணின் வீடு, சாத்தியிருந்தது. அவர்தான் சொன்னார்: "மாசி மாசம் ரத்தமா துப்புச்சி. ஆத்தா வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. பாப்பாவ வுடமாட்டேன்னு தூக்கிக்கினு போயிடுச்சி." ஆத்தா வீடு கருமந்துறைப் பக்கம், சேலம் மாவட்டம். அங்கே இருக்கும் நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதினால் தேடிப் பார்த்திருப்பார்கள். எழுதினால் பழைய பதிவேட்டு நகலைக் கேட்பார்கள். எழுதவில்லை.

கிழவர் மாத்திரையை முழுதாகத் தின்று தேறினார். நான் செய்த உதவிக்காக என்று பின்னாளில் அவர் எனக்கு ஒரு கூடை சீத்தாப்பழம் அனுப்பினார். வாங்கிக்கொண்டேன்.

ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் கழித்து, வெள்ளிமலைத் தடத்தில் ஜீப் ஓட்டும் ஒருவரிடம் அந்த ஊரைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். அங்கே வாக்கப்பட்டுத் திரும்பிவந்த ஒரு அம்மா கருமந்துறைச் சந்தையில் கடுக்காய் விற்கிறார், பேச்சுக்குப் பேச்சு இருமுவார் என்றார். வயது ஒத்துவருகிறது. மகள் உண்டா என்று கேட்டேன். தெரியாது என்றார். இரண்டு பேருந்து மாறினால் நானே போய்ப் பார்த்துவிடலாம். இன்னும் போகவில்லை. ஆகவே அவள் உயிரோடிருக்கிறாள் என்பதைச் சரிபார்க்கப்படாத செய்தியாகவே இங்கே எழுதுகிறேன். மகளைப் பற்றி அந்த அளவுகூட எனக்குத் தெரியாது.