ஆளுநர் கையெழுத்துப் போடாத சட்டம்

எங்கள் தொழிலில் நன்றாகப் பாடம் நடத்தினால் பிள்ளை விமானம் ஏறிவிடும். மோசமாக நடத்தினால் நம்மோடே இருக்கும். பர்மாவின் யாங்கோனில் அமெரிக்கப் பள்ளித் தேர்வுக்கு டியூஷன் எடுக்கும் அத்தனை பேரும் இதைப் படித்துத் தலையாட்டுவீர்கள். அந்தத் தேர்வில் தேறினால்தான் வெளிநாட்டுக் கல்லூரியில் இடம். அதற்காக, இங்கிலாந்து ராஜா ஆண்ட காலத்து அமெரிக்க மாகாணத்தில் எப்படிச் சட்டம் போட்டார்கள் என்று தாமுவே பகுதியில் ஒரு மாடி அறையில் சொல்லித்தருகிறேன்.

கைகட்டிய பேரவை

பாடம் மண்டையில் ஏறட்டும் என்று வகுப்பையே மாகாணம் ஆக்கினேன். ராஜா அனுப்பிய ஆளுநர் நான். ஊரார் தேர்ந்தெடுத்த பேரவை அவர்கள். பேரவை சட்டம் போடும். ஆளுநர் கையெழுத்திட்டால்தான் செல்லும். "என்னை எதிர்த்து வாதாடணும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய், மிடுக்காக உள்ளே வந்தேன். பேரவை மொத்தமும் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, "மிங்கலாபா ஸயாமா" என்று ராகம் போட்டு வணங்கியது. வணக்கம் டீச்சர் என்று அர்த்தம்; இங்கே அப்படித்தான் வரவேற்பார்கள். நானும் அப்படி வளர்ந்தவள்தான்.

இனி ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு என்று ஆணை போட்டேன். அத்தனை தலையும் சரியென்று ஆடியது. எதிர்க்கச் சொன்னேனே என்று கத்தினேன். முதல் பெஞ்சு ஜோ மின், கட்டிய கையை எடுக்காமலே சொன்னான்: "எதிர்க்கிறோம் ஸயாமா. நீங்க வெளிய போனதும் எதிர்க்கிறோம்."

கப்பல் வரும் வரை

அந்தச் சட்டங்கள் ஆளுநரோடு முடிவதில்லை. கப்பலேறி லண்டன் போகும். ராஜா வேண்டாமென்றால் ரத்து. பதில் வர ஒரு வருஷம்கூட ஆகலாம்.

என் மகள் மலரும் இதே வகுப்புதான். வீட்டில் நான் அம்மா, இங்கே ஸயாமா. அதில் அவள் கறார். தேர்வில் தேறிய பிறகும், கல்லூரிப் பதிலுக்காகக் காத்திருந்த மாதங்களில் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தாள். அவள் போனை எடுக்கும்போதெல்லாம் நான் அவள் முகத்தைப் பார்ப்பேன். அந்தப் பதில் வராமலே போகக்கூடாதா என்று ஏங்கினேன். பெற்றவள் நினைக்கிற நினைப்பா இது என்று வெட்கமும் பட்டேன். இந்தக் கப்பல் பாடம் நடத்திய அன்றைக்கென்று பார்த்து, மலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மா நிலார் கேட்டாள்: "பதில் வர்ற வரைக்கும் பழையபடியே இருக்கலாம்தானே ஸயாமா?"

ஒரே ஒரு கை

பதில் வந்தது. மலருக்கு இடம் கிடைத்துவிட்டது. அவளுடைய கடைசி வகுப்பில் பேரவை தானாகவே கூடியது. ஜோ மின் எழுந்து, இந்தத் தடவை கையைக் கட்டாமல், தீர்மானம் வாசித்தான்: மலர் மாகாணத்தை விட்டுப் போகக்கூடாது. எல்லாக் கைகளும் உயர்ந்தன, மலருடையதைத் தவிர. ஒரே சிரிப்பு. காகிதம் என் மேசைக்கு வந்தது.

பேனாவைத் திறந்துவிட்டேன். நான் தினமும் சாமியிடம் கேட்டதல்லவா அதில் எழுதியிருந்தது! விளையாட்டுத்தானே, போட்டுவிடேன் என்றது மனசு. மலர் மட்டும் சிரிக்காமல் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். அவள் எழுந்து கையைக் கட்டிக்கொண்டாள். அந்த அறையில் முதல்முறையாக ஸயாமா என்று சொல்லவில்லை: "நீங்க கையெழுத்து போட்டிருந்தா நான் போயிருக்க மாட்டேம்மா."

பேரவை கேட்டதை மறுத்த ஆளுநர்களெல்லாம் கல்நெஞ்சக்காரர்கள் என்று இத்தனை வருஷமாக நடத்திவந்தவள், இப்போது அந்த இடம் வந்தால் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மேலே போகிறேன்.