வெள்ளிக்கிழமை நாலு மணிச் சாவி

துபாய் கராமாவில் எங்கள் ஆபீஸ் இரண்டு மேசை, ஓர் அலமாரி, அவ்வளவுதான். தமிழ்ப் படங்களை வளைகுடாவில் வெளியிடும் உரிமையை வாங்கித் தியேட்டர்களுக்குக் கொடுப்பது எங்கள் தொழில். உரிமக் கடிதம் எழுதுவது நான். எந்த ஊர், எந்தத் திரை, எந்த நாள், எத்தனை மணி முதல் என்று அதில் இருப்பதைப் பார்த்துத்தான் சென்னையில் சாவி தயாராகும். சாவி என்றால் இரும்புச் சாவி இல்லை, மெயிலில் வரும் சின்ன ஃபைல். ஹார்டு டிஸ்க்கில் படம் முழுசாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் அந்த ஃபைல் இல்லாமல் திறக்காது. மணியை மாற்றவேண்டுமென்றால் படத்தின் முதலாளியே எழுதித் தர வேண்டும். இந்த விதியை ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவள் நான். அந்த வாய்க்கொழுப்புக்கு ஓமான் நாட்டுச் சலாலாவில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சலாலாவில் ஒரு நர்ஸ், கன்னியாகுமரிக் கடற்கரைப் பெண். எங்கள் ஊருக்கு ஏன் தமிழ்ப் படம் அனுப்புவதில்லை என்று மாதக்கணக்காக எனக்கு போன் போட்டவள். அவள் தொல்லை தாங்காமல் அங்குள்ள தியேட்டர் மேனேஜர் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக் காட்சியைக் கொடுத்தார். ஹால் நிறைந்து, கலாட்டா இல்லாமல் முடிந்தால் வாராவாரம் தமிழ்ப் படம். இல்லாவிட்டால் இனி வாயே திறக்கக் கூடாது. டூட்டி முடிந்த கையோடு தொழிலாளர்கள் தங்கும் கேம்ப் கேம்பாகப் போய் ஆள் சேர்த்தாள் அந்தப் பெண்.

அந்த வெள்ளி, ஒன்பது மணி தாண்டியதும் அவள் போன்.

“அக்கா, படம் தெறக்க மாட்டேங்கு. சாயங்காலம் நாலு மணிக்குத்தான் தெறக்கும்னு மிஷின்ல காட்டுதாம். உள்ள அம்புட்டு பேரும் இருக்காவ.”

அனுப்பிய கடிதத்தைத் திறந்து பார்த்தேன். துபாயில் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறியதிலிருந்து வெள்ளி வேலைநாள். அதனால் நாங்கள் வெள்ளிக் காட்சியை மாலை நாலு மணிக்குத்தான் தொடங்குவோம். கைப்பழக்கத்தில் சலாலாவுக்கும் அதையே எழுதித் தொலைத்திருக்கிறேன். ஓமானில் வெள்ளிதானே லீவு!

“என் தப்புதாம்மா,” என்றேன்.

“அதுக்குத் திட்டுகதுக்குப் பெறவு நேரம் இருக்கு. மத்தியானம் ஜும்மா தொழுகைக்கு ஹால மூடணுமாம். பத்து மணிக்குள்ள தொடங்கலேன்னா கலாஸ், அம்புட்டுதான்னு மேனேஜர் சொல்லிட்டாரு. சாவிய வாங்குங்க.”

சென்னைக்கு போன் போட்டேன். படத்து முதலாளியின் உதவியாளர் எடுத்தார். “சார் கல்யாண வீட்ல இருக்காரு மேடம். சாயந்திரம் பேசுங்களேன்.”

“தாலி கட்டப் போறது அவரா? ஒரு வரி மெயில் போடச் சொல்லுங்க. வாரத்துல ஒரே ஒரு லீவு கிடைக்கிற ஜனங்க இருட்டுல உக்காந்திருக்காங்க சார்.”

கத்தத்தான் ஆரம்பித்தேன், பாதியில் குரல் உடைந்துவிட்டது. அந்த மனுஷர் நேரே டிபன் பந்திக்குப் போய் முதலாளியிடம் போனைக் கொடுத்துவிட்டார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன், தப்பு என்னுடையது என்பதையும் சேர்த்து.

“நல்ல ஆளும்மா நீ. இரு, கை கழுவிட்டு வர்றேன்,” என்றார்.

பத்து மணிக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது புதுச் சாவி வந்தது. சலாலாவுக்கு அனுப்பினேன். அதற்கப்புறம் அவளிடமிருந்து சத்தமே இல்லை. நகத்தைக் கடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். பன்னிரண்டு மணிக்கு போன் அடித்தது.

“முடிஞ்சுது அக்கா! நேரம் இல்லாததுனால இடைவேள விடல்ல. துபாயில ஒரு அக்கா மணிய மாத்தி எழுதிட்டாவ, சரி பண்ணிட்டு இருக்காவன்னு முன்னால நின்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாவ. ஒருத்தரும் எந்திரிச்சுப் போவல்ல.”

மேனேஜர் என்ன சொன்னார் என்று கேட்டேன். அவள் போனை அவரிடமே கொடுத்தாள். மலையாளி, அவருக்குத் தெரிந்த தமிழில் பேசினார்.

“மேடம், அடுத்த வெள்ளி எந்தப் படம்? கடிதம் எழுதினா எனக்கு வாசிச்சுக் காட்டணும், கேட்டோ.”

“இப்பவே வாசிக்கிறேன் சார்,” என்று சொன்னேன். ஒரு வரிகூட வாசிக்க முடியவில்லை, அழுதுவிட்டேன்.